நாய்க் கிண்ணத்திலிருந்து தொட்டில் வரை

"நம் வீட்டுப் பிள்ளைக்கே வயிறு நிறையக் கஞ்சி ஊற்ற வழியில்லை. அமெரிக்கக்காரன் வீட்டு நாய் எதைத் தின்றால் நமக்கென்ன?"

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் பஞ்சாலைத் தோழர்கள் பலர் இப்படித்தான் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாய்க்கும் பூனைக்கும் டப்பாவில் அடைத்த கறியும் குழம்பும் வாங்கிப் போடும் குடும்பங்கள் நம் தெருவில் இல்லை. ஆனால் தோழர்களே, 2007-ம் வருஷம் அமெரிக்காவில் நாய்களையும் பூனைகளையும் கொன்ற அதே ரசாயனத் தூள், அடுத்த வருஷமே சீனாவில் கைக்குழந்தைகளின் பால் மாவில் கிடந்தது. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் மாண்டனர். நாய்க் கிண்ணத்தில் கண்ட விஷம் தொட்டிலுக்கு வந்து சேர ஒன்றரை வருஷம்தான் பிடித்தது. அது எப்படி வந்தது, யார் வழி விட்டார்கள், யார் தண்டனை பெற்றார்கள், யார் தப்பினார்கள் என்று தெரிந்துகொள்வது நம் வேலைதான். நம் வீட்டுப் பாலைப் பற்றிய விஷயமும் இதில் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஒரே கொப்பரை, நூறு பெயர்

2007 மார்ச் 16-ந் தேதி மெனு ஃபுட்ஸ் என்ற கனடா நாட்டுக் கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. முந்தின டிசம்பர் முதல் மார்ச் ஆரம்பம் வரை தன் தொழிற்சாலைகளில் தயாரான நாய், பூனைத் தீவனம் 6 கோடி டப்பாக்களையும் பைகளையும் கடைகளிலிருந்து திரும்பப் பெறுவதாகச் சொல்லிற்று. கான்ஸாஸ் மாகாணத்தில் எம்போரியா என்ற ஊரிலும், நியூ ஜெர்ஸியில் பென்சாக்கன் என்ற ஊரிலும் அதன் ஆலைகள் இருந்தன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த 6 கோடி டப்பாக்களும் ஏறத்தாழ நூறு வெவ்வேறு பெயர்களில் விற்பனையானவை. மிருக வைத்தியர்கள் சிபார்சு செய்யும் உயர்ந்த விலைச் சரக்கும் அதில் இருந்தது. பெரிய கடைக்காரர்கள் தங்கள் பெயரை ஒட்டி விற்கும் மலிவுச் சரக்கும் அதில் இருந்தது. பணக்காரச் சீமாட்டி தன் நாய்க்கு வாங்கியதும், கிழட்டு ஓய்வூதியக்காரர் தன் பூனைக்கு வாங்கியதும் ஒரே ஆலையின் வேலை. பெயரும் படமும் விலையும்தான் வேறு. நம் ஊரிலும் ஒரே தறியில் நெய்த வேட்டிக்கு இரண்டு முத்திரை குத்தி இரண்டு விலைக்கு விற்பதைப் பார்த்த தோழர்களுக்கு இது புதிதல்ல.

கம்பெனிக்கு முதல் புகார் எப்போது வந்தது? பிப்ரவரி 20-ந் தேதி வாக்கில். கம்பெனி தன் சரக்கின் ருசியைச் சோதிக்க வைத்திருந்த பூனைகளே அதைத் தின்று செத்தன. அப்படியிருந்தும் அறிவிப்பு வர மார்ச் 16 ஆயிற்று. இந்த இடைவெளியில் ஜனங்கள் வாங்கிக்கொண்டே இருந்தனர். கம்பெனியின் நிதி நிர்வாகத் தலைவர், பிப்ரவரி கடைசியில் தம் பங்குகளில் ஏறக்குறைய பாதியை விற்றுவிட்டார் என்பதும் பின்னால் பத்திரிகைகளில் வந்தது. அது தற்செயலாக நேர்ந்தது என்று அவர் சொன்னார். இருக்கலாம். நாய் வளர்த்தவர்களுக்கு மட்டும் அப்படி ஒரு தற்செயல் வாய்க்கவில்லை.

சர்க்கார் ஏன் முன்பே பிடிக்கவில்லை என்று கேட்கலாம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகத்துக்கு அன்று ஓர் ஆலையின் கெட்ட சரக்கைத் திரும்பப் பெறு என்று உத்தரவிடும் அதிகாரமே கிடையாது. குழந்தை உணவு போன்ற சிலவற்றுக்குத்தான் உண்டு. மற்றதெல்லாம் கம்பெனி மனமுவந்து செய்ய வேண்டும், சர்க்கார் கேட்டுக்கொள்ளலாம். துறைமுகத்தில் வந்திறங்கும் வெளிநாட்டு உணவுச் சரக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றைத்தான் அதிகாரிகள் பிரித்துப் பார்த்தார்கள். உலகத்துக்கெல்லாம் ஒழுங்கு கற்பிக்கப் படை அனுப்பும் ராஜ்யத்தின் லட்சணம் இது!

எத்தனை மிருகங்கள் மாண்டன? சர்க்கார் உறுதி செய்த சாவு இருபதுக்கும் கீழே. வளர்த்தவர்கள் தெரிவித்த சாவோ பல ஆயிரம். இந்த இரண்டு கணக்குக்கும் இடையில் ஏன் இவ்வளவு தூரம்? மனிதருக்கு நோய் பரவினால் கணக்கெடுக்க ஓர் இலாகா இருக்கிறது. மிருகங்களுக்கு அப்படி ஒன்று இல்லை. எண்ண ஆள் இல்லாததால் சாவும் இல்லை என்று ஆயிற்று. ஆலை விபத்துக் கணக்கு எழுதும் விதத்தைத் தெரிந்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பரீட்சையை ஏமாற்றிய தூள்

என்ன விஷம் அது? முதலில் எலி பாஷாணம் என்றார்கள். நியூயார்க் மாகாணத்து ஆய்வுச்சாலை அப்படி ஒரு முடிவு சொல்லி, அது நிலைக்கவில்லை. மார்ச் 30-ந் தேதி உண்மை வெளியாயிற்று. தீவனத்தில் இருந்தது மெலமைன். பிளாஸ்டிக் தட்டுகளும் மேஜைப் பலகைகளும் செய்ய உதவும் ரசாயனம்.

நாய்த் தீவனத்துக்குள் அது எப்படிப் புகுந்தது? இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். விஷயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தால் கஞ்சிப் பசை கரைந்து போகும். கையில் ரப்பர் போல இழுபடும் ஒரு பொருள் மிஞ்சும். அதற்குக் குளூட்டன் என்று பெயர். அது புரதம். நாய்த் தீவனக் குழம்பைக் கெட்டியாக்கவும், புரதக் கணக்கைக் கூட்டவும் அதைச் சேர்க்கிறார்கள். கறியைவிட அது மலிவு. மெனு ஃபுட்ஸ் அதை லாஸ் வேகஸ் நகரத்து இறக்குமதிக் கம்பெனியான கெம்நியூட்ராவிடம் வாங்கியது. கெம்நியூட்ரா அதைச் சீனாவின் ஜியாங்ஸு மாகாணத்தில் ஷூஜோ நகரத்துக் கம்பெனி ஒன்றிடம் வாங்கியது. 2006 நவம்பர் முதல் 2007 பிப்ரவரி வரை வந்த சரக்கு 800 டன்னுக்கு மேல். மதிப்பு ஏறத்தாழ 8 லட்சத்து 50 ஆயிரம் டாலர்.

வாங்குகிறவன் குளூட்டனில் புரதம் எவ்வளவு என்று எப்படிச் சோதிக்கிறான்? 1883-ல் டென்மார்க்கில் ஒரு பீர் ஆலையின் ஆய்வுச்சாலையில் கெல்டால் என்ற ரசாயன நிபுணர் கண்டுபிடித்த முறை ஒன்று உண்டு. புரதத்தில் நூற்றுக்குப் பதினாறு பங்கு நைட்ரஜன். ஆகவே நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கினால் புரதக் கணக்கு வந்துவிடும். எளிது, மலிவு, நூறு வருஷத்துக்கு மேலாக நடப்பில் உள்ளது. ஆனால் அந்தச் சோதனை அளப்பது நைட்ரஜனைத்தான். அந்த நைட்ரஜன் புரதத்திலிருந்து வந்ததா, வேறெதிலிருந்தாவது வந்ததா என்று அதற்குத் தெரியாது. மெலமைனில் எடைக்கு மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன்! வெறும் மாவில் கொஞ்சம் மெலமைன் கலந்துவிட்டால் சோதனைச் சீட்டில் முதல் தரப் புரதம் என்று விழும்.

பஞ்சாலைத் தோழர்களே, நூல் குறைந்த சீலையில் கஞ்சியை ஏற்றிக் கனம் காட்டி விற்பதைப் பார்த்திருக்கிறீர்கள். முதல் சலவையில் கஞ்சி போகும், சல்லடை மிஞ்சும். பஞ்சு மூட்டையில் தண்ணீர் தெளித்து எடை கூட்டுவதையும் பார்த்திருக்கிறீர்கள். கிராமத்துத் தோழர்களே, பாலில் தண்ணீர் ஊற்றிவிட்டு, பால்மானி இறங்காமலிருக்கச் சர்க்கரையோ யூரியாவோ கலக்கும் வியாபாரியை நீங்கள் அறிவீர்கள். மெலமைனும் இந்தக் குலத்தைச் சேர்ந்ததுதான். எதை அளக்கிறார்களோ அதை மட்டும் கூட்டிக் காட்டுவது, அளக்காததைக் கெடுப்பது. சீனாவில் அப்போது மெலமைன் ஆலைகளின் கழிவுத் துண்டை வாங்கி மாட்டுத் தீவனத்திலும் மீன் தீவனத்திலும் கலப்பது பல இடங்களில் மறைவில்லாத தொழிலாக நடந்தது.

தனி மெலமைன் லேசில் கொல்லாது. கலப்படக்காரன் வாங்கிய மலிவுக் கழிவில் சயனூரிக் அமிலம் என்ற கூட்டாளியும் இருந்தது. இரண்டும் சிறுநீரகத்தில் சந்தித்ததும் கரையாத சிறு படிகங்களாக உறைந்து நாளங்களை அடைத்தன. பூனை தண்ணீர் தண்ணீர் என்று குடிக்கும், வாந்தி எடுக்கும், சிறுநீர் நின்றுபோகும். பிறகு சாவு.

சீனாக் கலப்படக்காரன் அயோக்கியன். சந்தேகமில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். சந்தை விலைக்குக் குறைந்து, கடல் கடந்து, எந்தப் பரிசோதகனும் தொடாமல், 800 டன் வந்து இறங்குகிறது. அதை வாங்கியவர்கள் சீட்டில் இருந்த எண்ணை மட்டும் பார்த்தார்களே, ஏன்? எண் போதும் என்று அவர்கள் லாபக் கணக்கு சொல்லிற்று. மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது செலவு.

ஆபத்து நாயோடும் நிற்கவில்லை. ஆலையில் மிஞ்சிய தீவனத் தூளும் சிதறலும் பன்றிப் பண்ணைக்கும் கோழிப் பண்ணைக்கும் விற்பனையாயின. அந்தக் கோழிகளை லட்சக்கணக்கான ஜனங்கள் தின்று தீர்த்த பிறகுதான் சர்க்காருக்குச் சேதி எட்டியது. அளவு சொற்பம், பயமில்லை என்று அறிவித்து முடித்தார்கள்.

நூற்றுக்கு நாலு

வழக்கு நடந்தது. இறக்குமதி செய்த கெம்நியூட்ராவும் அதன் சொந்தக்காரர் இருவரும் 2009-ல், கலப்பட உணவை விற்றதாகவும் தவறான பெயர்ச்சீட்டு ஒட்டியதாகவும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2010 பிப்ரவரியில் தீர்ப்பு. சிறை இல்லை, மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு. கம்பெனிக்கு அபராதம் 25,000 டாலர். சொந்தக்காரர் இருவருக்கும் ஆளுக்கு 5,000. ஆக 35,000. சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு நாலு! நம் கிராமத்துக் கந்துவட்டிக்காரன் ஒரு மாதத்துக்கு வாங்குவதை விடக் குறைவு. நாயை இழந்தவர்கள் போட்ட கூட்டு வழக்கில் கம்பெனிகள் 2 கோடியே 40 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது சர்க்கார் பிடித்துக் கொடுத்ததல்ல. ஜனங்கள் வழக்காடிப் பெற்றது.

சட்டம் மாறியதா? அதே 2007-ல் அமெரிக்கப் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. செல்லப் பிராணித் தீவனத்தில் என்ன பொருள் சேரலாம், எப்படிப் பக்குவம் செய்ய வேண்டும், சீட்டில் என்ன எழுத வேண்டும் என்று இரண்டு வருஷத்துக்குள் விதி வகுக்கும்படி நிர்வாகத்துக்குக் கட்டளையிட்டது. இரண்டு வருஷம் போயிற்று. பத்து வருஷமும் போயிற்று. விதி வரவில்லை. 2018-ல் அந்தக் கட்டளையையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்! செய்யாத வேலையை முடிக்க இப்படியும் ஒரு வழி. இடையில் 2011-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் சரக்கைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தைச் சர்க்காருக்குக் கொடுத்தது. தீவன ஆலைகள் ஆபத்துகளை முன்கூட்டிக் கணக்கிட்டு எழுதி வைக்க வேண்டும் என்ற விதியும் அதன் கீழ் 2015-ல் வந்தது. இந்த அளவுக்கு முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

ஆனால் டப்பாவின் மேல் எழுதும் வார்த்தைகளைப் பாருங்கள். அந்த நாட்டு மாகாணங்களின் தீவன அதிகாரிகள் சேர்ந்த சங்கம் ஒன்று மாதிரி விதிகள் எழுதுகிறது. அதன்படி, "நாய்க்குக் கோழி" என்று எழுதினால், சேர்த்த தண்ணீர் போக, நூற்றுக்கு 95 பங்கு கோழி இருக்க வேண்டும். "கோழி விருந்து" என்றால் 25 போதும். "கோழியுடன்" என்றால் 3 பங்கு. "கோழிச் சுவை" என்றால் நாக்குக்குத் தட்டுப்பட்டால் சரி! ஒரு வார்த்தையைத் திருப்பிப் போட்டால் 95, மூன்றாகிறது. "போனஸுடன் சம்பளம்" என்று நம் முதலாளிமார் எழுதினால் எத்தனை பங்கு போனஸ் என்று இனிமேல் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த வியாபாரம் சில்லறைக் கடை வியாபாரம் அல்ல. 2001-ல் நெஸ்லே கம்பெனி ரால்ஸ்டன் பியூரினா என்ற நாய்த் தீவனக் கம்பெனியை ஆயிரம் கோடி டாலருக்கு மேல் கொடுத்து விழுங்கியது. மிட்டாய் விற்கும் மார்ஸ் கம்பெனியும் இதில் ராஜா. குழந்தைக்குப் பால் மாவு விற்கும் கையும் நாய்க்குத் தீவனம் விற்கும் கையும் ஒன்றாக இருக்கும் காலம் இது.

கூசினாலும் சொல்ல வேண்டியது

இனிச் சீனாவுக்கு வருவோம். சிவப்புக் கொடி பறக்கும் நாட்டைப் பற்றி நம் பத்திரிகையில் குறை எழுதலாமா என்று சில தோழர்கள் வருந்தலாம். எழுதும் எனக்கும் நாக்குக் கூசத்தான் செய்கிறது. ஆனால் ஆறு குழந்தைகளின் பிணத்தை மறைத்து நாம் எந்த இயக்கத்தையும் காப்பாற்றப் போவதில்லை. எதிரி நம்மைத் தாக்கப் பயன்படுத்தும் உண்மையும் உண்மைதான்.

2007 ஏப்ரலில், நாய்த் தீவன ரகளைக்குப் பிறகு, உணவிலும் தீவனத்திலும் மெலமைன் சேர்க்கக் கூடாது என்று சீன சர்க்கார் தடை போட்டது. காகிதத்தில் தடை இருந்தது. பால் வியாபாரத்தில் என்ன நடந்தது? ஒன்று இரண்டு மாடு வைத்திருக்கும் ஏழை விவசாயி பால் கறந்து சேகரிப்பு நிலையத்தில் ஊற்றுகிறான். நிலையக்காரன் தரகன். அவன் தண்ணீர் சேர்க்கிறான். பெரிய கம்பெனியின் வாசலில் நைட்ரஜன் சோதனை. தண்ணீர்ப் பால் தேறாது. உடனே "புரதத் தூள்" விற்கிறவன் வந்து சேர்கிறான். தூளில் இருப்பது மெலமைன். மறுபடியும் அதே கெல்டால் சோதனை, அதே ஏமாற்று! நாய் செத்தபோதே அந்தச் சோதனையின் ஓட்டை உலகத்துக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பால் கம்பெனிகளின் வாசலில் மட்டும் அதை அடைக்கவில்லை.

ஹெபெய் மாகாணம் ஷிஜியாஜுவாங் நகரத்தின் சான்லு கம்பெனி, பால் மாவில் நாட்டிலேயே முன்னணி. அதில் நூற்றுக்கு 43 பங்கு நியூசிலாந்தின் ஃபான்டெர்ரா கம்பெனிக்குச் சொந்தம். 2007 டிசம்பரிலேயே புகார்கள் வரத் தொடங்கின. 2008 ஆகஸ்ட் ஆரம்பத்தில் மாவில் மெலமைன் இருப்பது கம்பெனிக்குத் தெரிந்தது. ஆகஸ்ட் 2-ந் தேதி நியூசிலாந்துக் கூட்டாளிக்கும் தெரிந்தது. ஆகஸ்ட் 8-ந் தேதி பீஜிங்கில் ஒலிம்பிக் விளையாட்டு ஆரம்பம். ஜனங்களுக்குத் தெரிந்தது எப்போது? செப்டம்பர் 11-ந் தேதி! நியூசிலாந்துப் பிரதமர் தாமே பீஜிங்குக்குச் சேதி சொல்ல ஏற்பாடு செய்த பிறகு. சரக்கை அப்போதே திரும்பப் பெறும்படி தாங்கள் வற்புறுத்தியதாக ஃபான்டெர்ரா பிற்பாடு சொல்லிற்று. அந்த நாற்பது நாளும் தாய்மார்கள் அந்த மாவைக் கரைத்துப் புகட்டிக்கொண்டிருந்தார்கள். சோதித்தபோது, சான்லு ஒன்றல்ல, 22 கம்பெனிகளின் மாவில் மெலமைன் இருந்தது.

விசாரணை கடுமையாக நடந்தது. தூள் தயாரித்தவன் ஒருவனும் பால் சேகரிப்பு நிலையம் நடத்தியவன் ஒருவனும் 2009 நவம்பரில் மரண தண்டனை அடைந்தனர். சான்லுவின் தலைவிக்கு ஆயுள் சிறை. அமெரிக்காவின் நூற்றுக்கு நாலு அபராதத்தோடு ஒப்பிட்டால், சீனா கைகட்டி நிற்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: நோயுற்ற குழந்தைகளின் பெற்றோரை ஒன்று திரட்டிய ஒரு தந்தைக்கு 2010 நவம்பரில் இரண்டரை வருஷச் சிறை விதித்தார்கள். அவருடைய குழந்தையும் அந்த மாவைக் குடித்ததுதான். குற்றவாளியைத் தூக்கில் போடுவது ஒன்று. பாதிக்கப்பட்ட ஜனங்கள் சங்கம் சேர்ந்து கேள்வி கேட்பதை அனுமதிப்பது வேறொன்று. சந்தையை அவிழ்த்துவிட்டு, சங்கத்தைக் கட்டிப்போட்டால், நடுவில் தரகன்தான் கொழுப்பான். இது என் அபிப்பிராயம். மாறுபடும் தோழர்கள் எழுதலாம்.

இன்னொரு சேதியும் உண்டு. 2004-ல் ஆசிய நாடுகள் பலவற்றில் ஆயிரக்கணக்கான நாய்கள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. தாய்லாந்தில் தயாரான தீவனம்தான் காரணம் என்று கண்டார்கள். பூஞ்சை விஷமாயிருக்கும் என்று எழுதி மூடினார்கள். 2007-க்குப் பிறகு விஞ்ஞானிகள் அந்தப் பழைய நாய்களின் சிறுநீரகத் துண்டுகளை எடுத்துப் பார்த்தபோது அதே மெலமைன், அதே சயனூரிக் அமிலம்! ஆசிய நாய்கள் செத்தபோது யாரும் ஆழமாகத் தோண்டவில்லை. அமெரிக்க நாய்கள் செத்த பிறகுதான் ஆராய்ச்சிக்குப் பணம் பிறந்தது. நாய்களுக்குள்ளும் உலகச் சந்தை தரம் பிரித்துத்தான் வைத்திருக்கிறது.

நம் வீட்டுப் புண்ணாக்கு

இப்போது நம் ஊர் விஷயம்.

தீவனத்தைக் கெடுப்பது மெலமைன் மட்டுமல்ல. ஈரத்தில் கிடக்கும் தானியத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் ஒரு பூஞ்சை பிடிக்கும். அது ஆஃப்ளாடாக்ஸின் என்ற விஷத்தை உண்டாக்கும். ஈரலை அரிக்கும், புற்றுநோய் உண்டாக்கும். 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டபோது அவற்றின் கடலைப் புண்ணாக்குத் தீவனத்தில்தான் இதை முதலில் கண்டுபிடித்தார்கள். அறுபது வருஷத்துக்குப் பிறகு, 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும், அமெரிக்காவில் இதே விஷம் கலந்த தீவனத்தைத் தின்று நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் செத்ததாகச் சர்க்காருக்குத் தகவல் வந்தது. கெட்டுப்போன மக்காச்சோளத்தில் வருகிற விஷம்தான் அது. சோதனை முறை உண்டு, சட்டம் உண்டு, அப்படியும் நடந்தது.

மாடு இந்த விஷத்தைத் தின்றால் ஓரிரு நாளில் பாலில் இறங்கும். காய்ச்சினால் போகாது. 2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. அடுத்த வருஷம் அக்டோபரில் முடிவை வெளியிட்டது. நூற்றுக்கு 5.7 மாதிரிகளில் இந்த விஷம் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. எந்த மாகாணத்தில் அதிகம்? தமிழ்நாட்டில்! 551-ல் 88 மாதிரிகள். கறந்த பாலைவிடப் பக்குவம் செய்த பாலில் இது அதிகம் என்றும், தீவனம் வழியாக இது வருகிறது, அந்தத் தீவனத்துக்கு நாட்டில் கட்டுப்பாடு இல்லை என்றும் ஆணையமே சொல்லிற்று.

கட்டுப்பாடு ஏன் இல்லை? 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "உணவு" என்றால் என்ன என்று விளக்கம் எழுதியவர்கள், மிருகத் தீவனம் அதில் சேராது என்று எழுதி வைத்தார்கள். பால் உணவு, பாலாக மாறும் புண்ணாக்கு உணவல்ல! பால் மாட்டுத் தீவனம் இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று 2020-ல் ஓர் ஆணை பிறந்தது. ஆணை பிறப்பது ஒன்று. மண்டியில் மூட்டையைக் குத்தி, புண்ணாக்கை எடுத்து, ஆய்வுச்சாலைக்கு அனுப்பும் கை இருப்பது வேறொன்று.

கிராமத்தில் சோதனை என்ற பெயரில் நடப்பது எங்கே? பால் சங்கத்து வாசலில். விவசாயக் கூலித் தாய்மார்கள் இருட்டில் எழுந்து கறந்து, தூக்குப்போசியில் கொண்டுவரும் இரண்டு லிட்டர் பாலில்தான் கருவியை விடுகிறார்கள். கொழுப்புக் குறைவு, சத்துக் குறைவு என்று காசைக் குறைக்கிறார்கள். நாளைக்கு ஆஃப்ளாடாக்ஸின் சோதனையும் அதே வாசலுக்கு வந்தால், பாலைக் கீழே கொட்டிவிட்டுப் போ என்று அந்தத் தாயிடம் சொல்வார்கள். மாட்டுக்குப் போட்ட புண்ணாக்கைத் தார்ப்பாய் இல்லாத கிடங்கில் மழையில் நனையவிட்டு, காயவைத்து, நல்ல சரக்கோடு கலந்து விற்ற வியாபாரியை யாரும் தேடிப் போக மாட்டார்கள். சீனாவிலும் ஒன்றிரண்டு மாடு வைத்திருந்த ஏழைதான் கடைசியில் பால் விற்க வழியில்லாமல் நின்றான்.

ஆகவே சோதனை மேலேயிருந்து தொடங்க வேண்டும்: எண்ணெய்ச் செக்கு ஆலையில், தீவன ஆலையில், மொத்த மண்டியில், துறைமுகத்தில். செலவு ஆலைக்காரனுடையதாக இருக்கட்டும். தீவன ஆலைத் தொழிலாளிக்குப் பூஞ்சை பிடித்த மூட்டையைக் கண்ணால் பார்த்தாலே தெரியும், மூக்கே சொல்லும். "இதைக் கொட்ட மாட்டேன்" என்று அவன் சொன்னால் வேலை போகாது என்ற உத்தரவாதம் சட்டத்தில் வேண்டும். ஆயிரம் பரிசோதகர்களைவிட அந்த ஒரு பாதுகாப்பு அதிக வேலை செய்யும். ஒப்பந்தக் கூலியாகத் தினமும் ஆள் மாற்றும் ஆலையில் எவன் வாய் திறப்பான்?

அதுவரை கையில் உள்ளதைச் செய்வோம். நம் கிராமத்துப் பால் உற்பத்தியாளர் சங்கங்களில் அங்கத்தினராக உள்ள தோழர்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். சங்கத்தில் விற்கும் இந்தத் தீவன மூட்டை எந்த ஆலையில், எந்தத் தேதியில் தயாரானது? பூஞ்சை விஷச் சோதனை செய்த சீட்டு எங்கே? மூட்டை கெட்டிருந்தால் நஷ்டத்தை யார் கொடுப்பது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், மறுத்ததையும் எழுதச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்று பத்திரிகைக்குக் கடிதம் போடுங்கள்.